அரிதும் அருமையும்

அரியது எதுவோ அதுவே அருமையானது என்று நம் மொழியே நம்மைப் பழக்கியிருக்கிறது. ஒரே வேரில் கிளைத்த இவ்விரு சொற்களையும் பிரித்துப் பார்க்க நாம் முயல்வதில்லை. கொட்டாஞ்சேனையில் பழைய கார் ஒன்றை விற்க நிற்பவர், "இந்த நிறத்தில், இந்த ஆசனத்தோடு, நாட்டிலேயே இது ஒன்றுதான்" என்கிறார். அக்கணமே விலை ஏறுகிறது. அரிது என்பதற்கு விலை கொடுக்கும் நாம், அது ஏன் அரிதாயிற்று என்று கேட்க வேண்டாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலை 10,000 கார்களைச் செய்தது. பத்தில் ஒன்று சிவப்பு, ஐந்தில் ஒன்று வானொலி பொருத்தியது என்று வைத்துக்கொள்வோம். இரு பங்குகளையும் பெருக்கினால் ஐம்பதில் ஒன்று. அதாவது 200 கார்கள். இப்படியே இன்னும் சில தெரிவுகளைச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போனால், எந்தக் காரையும் உலகில் தனியொன்றாக்கிவிடலாம். ஆனால் ஒரு தெரிவுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே இல்லை என்பது இக்கணக்கில் ஒளிந்திருக்கும் அனுமானம்.

கொழும்பு நன்கறிந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமாகி, சுமார் 16 இலட்சம் வரை உற்பத்தியான கார் அது. பத்து இலட்சத்தை எட்டியதன் நினைவாக 350 கார்கள் இளம் ஊதா நிறத்தில், வெண்ணிற ஆசனங்களோடு, தனிச் சின்னம் தாங்கி வெளிவந்தன. நிறத்தின் பங்கையும் சின்னத்தின் பங்கையும் பெருக்கிப் பாருங்கள்: இரண்டும் உடைய கார் ஒன்றுகூட இருக்க முடியாது என்றே விடை வரும். இருந்தவையோ 350! சேர்ந்தே பிறந்தவற்றைத் தனித்தனியே எண்ணியதால் வந்த பிழை இது.

பிறப்பில் மட்டுமா இப்பிழை? அழிவிலும் உண்டு. துருவாலும் விபத்தாலும் ஆண்டுதோறும் இத்தனை விழுக்காடு குறையும் என்று கணக்கிடுவோர் கொள்வர். இலங்கையில் அவ்வாறு நிகழவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி சுருங்கியபோது, வேறு நாடுகளில் பழைய இரும்பாகியிருக்கக்கூடிய கார்களை இங்குள்ள தொழிலாளரின் கைகள் பல்லாண்டுகள் ஓடவைத்தன. பின்னாளில் இங்கு செய்த மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே சென்றன.

உழைப்பு காத்தது இப்படி; வெறுப்பு அழித்தது வேறுவிதமாக. 1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளோடும் கடைகளோடும் வாகனங்களும் எரிந்தன. வன்முறைக் கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எண்ணுவதற்கென்று எழுதப்பட்ட பட்டியல், எரிப்பதற்கு உதவியது. அன்று எரித்தவர்கள் காரின் நிறத்தைப் பார்க்கவில்லை. உரிமையாளரின் பெயரைப் பார்த்தார்கள். எந்தப் பெருக்கற் கணக்கில் இது அடங்கும்?

ஆகவே, அரிது என்ற ஒரே சொல் மூன்று வரலாறுகளை மூடிவைக்கிறது. செய்ததே சிலவாக இருக்கலாம்; பலவற்றைப் பேணாது விட்டிருக்கலாம்; பலவற்றை மனிதர் எரித்திருக்கலாம். சந்தை இம்மூன்றுக்கும் ஒரே விலைதான் சொல்லும். மனச்சாட்சி அப்படிச் சொல்லலாமா? அயலவரின் கார் எரிந்ததால் என் காரின் மதிப்பு உயர்ந்ததென்றால், அவ்வுயர்வில் நான் பெருமைகொள்ள என்ன இருக்கிறது?

பழைய பொருளைப் பேணுவது நற்செயலே. அதில் மனித உழைப்பின் மீதுள்ள மதிப்பு அடங்கியிருக்கிறது. ஆயினும், "இது எத்தனையில் ஒன்று?" என்று கேட்பதோடு நின்றுவிடுபவர் பாதிக் கணக்கே போடுகிறார். "மற்றவை என்னவாயின?" என்ற கேள்வியே மீதிப் பாதி.