ஃப்ரேம் எண்ணிக்கையும் கணபங்க வாதமும்

கணினி விளையாட்டில் எதுவும் நகர்வதில்லை. ஓடும் குதிரையும் பாயும் தோட்டாவும் ஃப்ரேம் எனப்படும் அசையாத படங்களாக வரையப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு வருகின்றன. விநாடிக்கு எத்தனை வந்தன என்று மூலையில் காட்டும் எண்தான் எஃப்.பி.எஸ். விளையாட்டுகளை வாங்கி ஓடவிடும் ஸ்டீம் செயலியிலேயே இந்த வசதி உண்டு. நுணுக்கம் தேடுவோர் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர், ரிவாட்யூனர் ஆகிய மென்பொருள்களையும் சேர்த்து ஓடவிடுவார்கள். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃப்ரேமின் ஆயுள் சுமார் 16.7 மில்லி விநாடி. 144 என்றால் 7 மில்லி விநாடிகூட இல்லை. ஃப்ரேம்கள் அழிந்துகொண்டே இருக்க, குதிரை மட்டும் எப்படி அதே குதிரையாக இருக்கிறது?

உள்ளதெல்லாம் கணந்தோறும் தோன்றி அழிவது என்பது பௌத்தரின் கணபங்க வாதம். 7ஆம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி அதற்குத் தர்க்கம் வகுத்தார்: விளைவைத் தரும் திறனே உள்ளதன் இலக்கணம், மாறாத பொருளால் எதையும் விளைவிக்க முடியாது. ஆகவே நிலைத்த பொருள் கிடையாது. ஒரு கணம் அடுத்த கணத்துக்குக் காரணமாகும் தொடர்ச்சியே உண்டு. விளையாட்டு நிரல்கள் இப்படித்தான் இயங்குகின்றன. வேகத்தைக் கழிந்த நேரத்தால் பெருக்கி, குதிரையின் முந்தைய இடத்தோடு கூட்டினால் புதிய இடம் கிடைக்கிறது. பழைய படத்திலிருந்து புதிய படத்துக்கு வந்து சேர்வது சில எண்கள் மட்டுமே.

இதற்கு மறுப்பும் பழையது, தமிழிலும் உண்டு. சமண நூலான நீலகேசி பௌத்தரோடு வாதிட்டது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவினரான சௌத்திராந்திகரை மறுத்தார். பிரம்மசூத்திர உரையில் சங்கரர் எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது: முன்பு கண்டதையே இப்போதும் காண்கிறேன் என்று அறிபவன் இரு கணங்களிலும் இருந்தாக வேண்டாமா? எண்ணும் மென்பொருளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். எந்த ஃப்ரேமும் தன்னைத் தானே எண்ணிக்கொள்ளாது. முந்தைய ஃப்ரேமின் நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து கழிக்க ஒன்று நிலைத்திருக்க வேண்டும். அது நினைவகம்.

பௌத்தர் இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. டிடிஆர்4 ரேமில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும்; வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு வரிசையும் புதுப்பிக்கப்படாவிட்டால் தகவல் போய்விடும். நிலைத்திருப்பதாகத் தோன்றும் நினைவகமும் ஓயாத மறு எழுத்துதான். இயந்திரத்தின் மட்டில் கணபங்க வாதமே வெல்கிறது எனலாம். ஆனால் ரேம் எதையும் அறிவதில்லை. சங்கரர் கேட்டது அறிபவனைப் பற்றி.

அறிபவனிடம் வரும்போது எண்ணிக்கை தடுமாறுகிறது. ஒரு விநாடியில் 59 ஃப்ரேம்கள் தலா 12 மில்லி விநாடியும், ஒன்று மட்டும் 292 மில்லி விநாடியும் எடுத்துக்கொண்டதாகக் கொள்வோம். மூலையில் 60 என்று தெரியும். ஆட்டமோ கால் விநாடிக்கு மேல் உறைந்து நின்றிருக்கும். 2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தை அளப்பதும், மிக மெதுவானவற்றைக் காட்டும் 1% லோ என்ற அளவும் பின்னர் பரவலாயின. கவனிக்க வேண்டியது வேறொன்று: உறைந்த ஆட்டத்தின் எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் குறை இருக்காது. தடங்கல் இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவருக்கே அது தெரியும். சங்கரரின் கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அந்தப் பிடிப்புக்கு நிலைத்த ஆன்மா வேண்டுமா, முந்தைய கணம் விட்டுச்சென்ற வாசனை எனும் பதிவு போதுமா என்ற வழக்கு மட்டும் தீராமல் நிற்கிறது.

2022இல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 இந்தக் குழப்பத்தை இன்னும் வளர்த்தது. விளையாட்டு கணக்கிட்ட இரு ஃப்ரேம்களைக் கொண்டு, இடைப்பட்ட ஒன்றைக் கிராஃபிக்ஸ் கார்டு தானே ஊகித்து வரைகிறது. எண் ஏறுகிறது, ஆனால் அந்த இடைப்படத்தில் பொத்தானை அழுத்தியதன் விளைவு எதுவும் புதிதாகக் கணக்கிடப்படுவதில்லை. தர்மகீர்த்தியின் அளவுகோலில், விளையாட்டின் அடுத்த நிலைக்குக் காரணமாகாத அந்தப் படம் விளையாட்டின் தொடரில் இல்லாததே. பார்ப்பவர் கண்ணில் அசைவை உண்டாக்குவதால் அவருடைய தொடரில் உள்ளது. ஆகவே ஃப்ரேம் ஜெனரேஷன் எனப்படும் இந்த இடைப்பட உத்தி ஓடும்போது தெரியும் எஃப்.பி.எஸ்., கண்ணுக்கு வந்த படங்களின் கணக்கு. அதை விளையாட்டின் வேகமாகக் கொள்வது பிழை.