முறைத் தண்ணீர்

புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை. சீடன் தன் கைப்பேசியைக் குருவிடம் நீட்டினான். அவனுடைய யூடியூப் சேனலில் சமையல், கோயில் உலா, நகைச்சுவை, புதுக் கைப்பேசி விமர்சனம் எல்லாமே இருந்தன. இரண்டு வருஷ உழைப்பு. வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனால் திரும்புவதில்லை.

“எது ஓடும் என்று முன்கூட்டித் தெரியாதே ஐயா. நாலையும் போட்டுவைத்தால் ஒன்றாவது பிடிக்காதா?”

குரு கண்மாயைக் காட்டினார். “மழை பொய்த்த வருஷத்தில் எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகும் தம்பி? வாய்க்கால் மண்ணே தண்ணீரைக் குடித்துவிடும். கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். அதனால்தான் முறை வைத்து, ஒன்றைத் திறந்து மற்றதை அடைக்கிறார் நீர்ப்பாய்ச்சி. உனக்கு ஒரு நாளில் மிஞ்சும் மூன்று மணி நேரம்தான் உன் கண்மாய்.”

“ஒன்றையே காட்டினால் சலிக்காதா?”

“காட்டுகிறவனுக்குத்தான் முதலில் சலிக்கும். வேறு கேள்.”

“அமேசான் எல்லாவற்றையும் விற்கிறதே?”

“1995இல் கடை திறந்தபோது புத்தகம் மட்டும்தான் விற்றது. இசைத்தட்டு 1998இல்தான் வந்தது.”

சீடன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன் கேட்டதுதான் உண்மையான ஐயம். இதை எழுதுபவரையும் பல இரவுகள் தூங்கவிடாத ஐயம் அது. “2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. அதிலேயே முழுமூச்சாக இருந்தவர்கள், சேர்த்த கூட்டத்தை ஒரே ராத்திரியில் இழந்தார்கள். நாலு இடத்தில் கால் வைத்திருந்தவன் பிழைத்தான். திறந்திருந்த ஒரே மடையும் தூர்ந்துபோனால் என்ன செய்வது ஐயா?”

குரு இதைத் தட்டிக்கழிக்கவில்லை. இழப்பு மெய்தான், ஒருமுகமாக உழைத்தவருக்கும் அது நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் செயலி என்பது வாய்க்கால், எடுத்துக்கொண்ட பொருள்தான் பயிர் என்று பிரித்துக் காட்டினார். வாய்க்கால் மூடினால் வேறு வழியாகத் தண்ணீர் கொண்டுவரலாம். தடைக்குப் பின் சில நாட்களிலேயே, ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ‘பானை வனையும் அக்கா’ என்று மனதில் பதிந்தவரை அங்கேயும் தேடிப் பிடிக்க முடியும். இன்று நடனம், நாளை சண்டைக் காட்சி, மறுநாள் அறிவுரை என்று இருந்தவரை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது?

அந்த இன்ஸ்டாகிராமே மடை அடைத்துப் பிழைத்ததுதான். அதை உருவாக்கிய கெவின் சிஸ்ட்ராமும் மைக் கிரீகரும் முதலில் நடத்தியது ‘பர்பன்’ என்ற செயலி. எங்கே இருக்கிறோம் என்று அறிவிக்கலாம், நண்பர்களோடு திட்டமிடலாம், புள்ளிகள் சேர்க்கலாம், படமும் போடலாம். மக்கள் விரும்பியது படத்தை மட்டும். கட்டியதைத் தம் கையாலேயே இடிப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! படம், கருத்து, விருப்பக்குறி தவிர மற்றதையெல்லாம் அவர்கள் நீக்கினார்கள். அப்படி மிஞ்சிய இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபர் 6இல் வெளியான அன்றே சுமார் 25,000 பேர் சேர்ந்தார்கள். அதன்பிறகும் ஒன்றரை ஆண்டு ஐபோனில் மட்டும்தான் கிடைத்தது. ஆண்ட்ராய்டு மடை 2012 ஏப்ரலில்தான் திறந்தது. அதே மாதம் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர்.

அடைத்த மடை என்றைக்குமாக அடைபட்டதல்ல. முறை என்றால் வரிசை. முதல் வயல் நனைந்த பிறகு அடுத்ததற்குத் தண்ணீர் போகும். வயல் நனைந்ததை எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அடுத்து எப்போது என்று பார்ப்பவர்களே கேட்கத் தொடங்குவது நல்ல அடையாளம்.

இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினார்கள். திறந்தவெளி, விறகடுப்பு, அம்மி, ஊருக்கே போதுமான அளவு சமையல், சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது. காய்கறி மாறும், கறி மாறும். காட்சியின் அமைப்பு மாறாது. 2021இல் 1 கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். மறு ஆண்டு ‘விக்ரம்’ படத்தில் தலைகாட்டியபோதும் அவர்கள் சமைப்பவர்களாகவே வந்தார்கள்.