டவர் எடுக்கலையா? எழுந்து நில்லுங்கள்!

“எங்க ஊர்ல டவர் எடுக்காதுங்க.” இதைச் சொல்லும்போது நமக்குக் கோபம்கூட வருவதில்லை. எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி வேலியோரம் நடக்கிறோம். ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் மகன் பேசுவது பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை. “சரி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறோம். போதும் இந்தப் பழக்கம்! சென்னை அண்ணா சாலையில் இருப்பவர் போடும் அதே ரீசார்ஜைத்தான் நீங்களும் போடுகிறீர்கள். கிராமம் என்பதற்காகப் பத்து ரூபாய் யாரும் குறைத்து வாங்குவதில்லை. முழுக் காசு கொடுத்தவர் அரைகுறைச் சேவைக்கு ஏன் தலையாட்ட வேண்டும்?

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது மலையோரத்துப் பிள்ளைகள் பாறை மேலும் மரக்கிளையிலும் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். நாடே அதைப் படம் பிடித்துப் பாராட்டியது. எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை. பெரியவர்கள் நாம் செய்யாமல் விட்ட வேலைக்காகத்தான் அந்தப் பிள்ளைகள் மரம் ஏறினார்கள்.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குங்கள். போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். அவை ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கணக்கு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் ‘சிம் நிலை’ இருக்கும். அங்கே சிக்னலின் வலு டிபிஎம் என்ற அளவில், மைனஸ் குறியோடு தெரியும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். இப்போது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். அடுப்படியில் மைனஸ் 118, திண்ணையில் மைனஸ் 108, மொட்டை மாடியில் மைனஸ் 98 என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாக ஏறும் ஒவ்வொரு படிக்கும் வலு பத்து மடங்கு கூடும். அப்படியென்றால் உங்கள் அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் நூறு மடங்கு வித்தியாசம்! டவர் உங்கள் வீட்டு வாசல்வரை வந்துதான் நிற்கிறது. தகரக் கூரையும், கம்பி கட்டிய கான்கிரீட்டும், கனத்த சுவரும்தான் அதை உள்ளே விடாமல் தடுக்கின்றன.

காரணம் தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். வலு அதிகமுள்ள ஜன்னலோரத்திலோ மாடியிலோ ஒரு போனை வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள்; வீட்டுக்குள் இருக்கும் மற்ற போன்களுக்கு நெட் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் வேறு கம்பெனி சிம்மை உங்கள் போனில் போட்டு அதே எண்ணைப் பாருங்கள். எந்த இடத்தில் எந்த அலைவரிசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளைவிடத் தூரமும் போகும், சுவரையும் நன்றாகத் துளைக்கும். ஆகவே நகரத்தில் பறக்கிற சிம் உங்கள் ஊரிலும் பறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாறுவதற்கு என்ன தயக்கம்? 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலேயே நாடு முழுவதும் நிறுவனம் மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்; பதிலாக வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து மாறலாம். ஊருக்குள் பிராட்பேண்ட் வந்திருந்தால் இன்னும் நல்லது. வைஃபை காலிங் வசதியுள்ள போனில், சிக்னலே இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு பேசலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘சிக்னல் பூஸ்டர்’ என்று விற்கும் பெட்டியை வாங்கி மாட்டாதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அது டவருக்கு இரைச்சலை அனுப்பி அக்கம்பக்கத்தாரின் அழைப்பையும் கெடுக்கும்.

இன்னொரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். டவர் கேட்டு மனு கொடுக்கும் ஊர்களிலேயே, டவர் வைக்க ஆள் வந்தால் கதிர்வீச்சு என்று பயந்து மறிக்கிறார்கள். பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. விவரம் சொல்லத்தான் ஆளில்லை. 2012இல் இந்தியா, டவர் கதிர்வீச்சுக்கான வரம்பை உலக அளவில் பரிந்துரைக்கப்பட்டதில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதைவிட முக்கியமானது, உங்கள் காதோரம் இருக்கும் போன். டவர் தூரமாக இருந்தால் அதை எட்டுவதற்காகப் போன் தன் வலுவைக் கூட்டுகிறது. சிக்னல் குறைந்த ஊரில் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு அதுவே காரணம். டவர் பக்கத்தில் வந்தால் போன் அடங்கிப் பேசும். ஆனால் “உங்க நிலத்துல டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்க” என்று யாராவது போன் செய்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அது மோசடி.

வீட்டில் எல்லாம் செய்தும் அந்த டிபிஎம் எண் ஏறவில்லையா? அப்போது ஊராகத் திரண்டு கேட்க வேண்டியதுதான். அழுத பிள்ளைக்குத்தான் பால்! கிராமங்களுக்குச் சேவை கொண்டு சேர்ப்பதற்கென்றே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் தனி நிதிக்குப் போகிறது. 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இது யாரோ போடும் பிச்சை அல்ல. உங்கள் ரீசார்ஜிலும் வரியிலும் சேர்ந்த பணம். அதைக் கேட்க எதற்குக் கூச்சம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். தெருத்தெருவாக நடந்து, எந்த இடத்தில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை டிபிஎம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரில் படித்த பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அந்த நோட்டைக் காட்டி, டவர் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நகலைக் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் அந்த நகலோடு மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்!