ஹிஜாமா சுன்னத் என்றால் அக்குபங்சர் தவறா?

கேள்வி: என் கணவருக்கு நெடுநாளாக இடுப்பு வலி. அக்குபங்சர் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறார். என் மாமியாரோ, “நபிவழி ஹிஜாமா இருக்கும்போது சீன ஊசியைத் தேடிப் போவது ஈமானுக்குக் குறை” என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: மாமியாரின் பற்று மதிக்கத்தக்கது, முடிவு சரியல்ல. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது ஒற்றைத் தலைவலிக்காகத் தலையில் ஹிஜாமா, அதாவது குவளை வைத்து இரத்தம் எடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டார்கள். அபூ தைபா என்பவர் ஹிஜாமா செய்தபோது அவருக்குக் கூலியும் கொடுத்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ள செய்திகள். கூலி கொடுத்துச் செய்துகொண்ட வைத்தியம் அது. தொழுகை போலக் கடமையல்ல. விட்டால் பாவமும் இல்லை. இஸ்லாத்துக்கு முன்பே அரபிகளும் கிரேக்கர்களும் அறிந்திருந்த முறைதான்.

ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் போகும்படி நபியவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. கைதேர்ந்தவரைத் தேடிப் போவதும் நபிவழிதான்.

அக்குபங்சரின் பின்னால் ‘சீ’ என்னும் உயிராற்றல் உடலின் பாதைகளில் ஓடுகிறது என்ற பழஞ்சீனக் கருத்து இருக்கிறது. அதை நம்பினால்தான் ஊசி குத்திக்கொள்ள முடியும் என்பதில்லை. இணைவைக்கும் மந்திரமோ சடங்கோ கலக்காதவரை அது வெறும் சிகிச்சை. ஊசியாலோ குவளையாலோ தானாகக் குணம் வந்துவிடாது; ஷிஃபா தருபவன் அல்லாஹ். இந்த நம்பிக்கை இரண்டுக்கும் பொது.

கேள்வி: நோன்பு வைத்துக்கொண்டு ஹிஜாமாவோ அக்குபங்சரோ செய்யலாமா? ஒளு முறியுமா?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: ஹிஜாமாவால் நோன்பு முறியாது என்பதே ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. ஹன்பலி மத்ஹபில் முறியும். உடல் தளரும் என்ற அச்சம் இருந்தால் இஃப்தாருக்குப் பின் செய்துகொள்வதே நல்லது. அக்குபங்சர் ஊசி வழியாக உணவோ மருந்தோ உள்ளே போவதில்லை, நோன்புக்குக் குறைவில்லை. ஒளுவைப் பொறுத்தவரை, இரத்தம் வெளிப்பட்டு வழிந்தால் ஹனஃபியில் முறியும், ஷாபிஈயில் முறியாது. எந்த மத்ஹபானாலும் உடலில் பட்ட இரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழுங்கள்.

கேள்வி: பிறை 17, 19, 21 நாள்களில்தான் ஹிஜாமா செய்ய வேண்டுமாமே? வலியோடு அதுவரை காத்திருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: அந்த நாள்களைச் சிறப்பித்து ஹதீஸ் உண்டு. அதற்காக வலியைத் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை; தேவைப்பட்டால் மற்ற நாள்களிலும் செய்யலாம்.

நாளைவிட ஆளைப் பாருங்கள். மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாவார் என்று நபிமொழி இருக்கிறது. வார இறுதி வகுப்பில் படித்துவிட்டுப் பிளேடைக் கையில் எடுப்பவரிடம் போகாதீர்கள். முறையாகப் படித்துப் பதிவுபெற்ற யூனானி மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடும் குவளையும் இன்னொருவருக்குப் பட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றக்கூடும்; உங்களுக்கெனப் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அக்குபங்சர் ஊசிக்கும் இதே விதிதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஹிஜாமாவுக்கு உட்காரக் கூடாது.

இரண்டு முறைகளும் சிலருக்கு வலியைத் தணிக்கின்றன. வலியின் காரணத்தை அவை நீக்கிவிடும் என்று எண்ண வேண்டாம். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, குவளையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துஆவைப் போகும் வழியிலும் கேட்கலாம்.