வினைக்கு உரிய உடை

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியிலிருந்து மலேசிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஃபாரா ஆன் அப்துல் ஹாடி ஆறு பதக்கங்களோடு திரும்பினார். அவற்றில் இரண்டு தங்கம். பதக்கத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அவர் அணிந்திருந்த உடையைப் பற்றிய பேச்சு மேலே ஏறிக்கொண்டது. அன்று பேராக் மாநில முப்தியாக இருந்த ஹருசானி ஜக்காரியா, உடலின் வடிவம் தெரியும் இந்த விளையாட்டு முஸ்லிம் பெண்களுக்கு ஆகாது என்றார். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடினோ, எங்கள் வீரர்களை விட்டுவிடுங்கள் என்று பதில் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2017 ஏப்ரலில், புத்ராஜெயாவில் பள்ளி மாணவர்களுக்கான சதுரங்கப் போட்டியிலிருந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி பாதியில் விலகினாள். முழங்கால் வரை வந்த அவளுடைய உடை கவர்ச்சியாக இருப்பதாகச் சொல்லப்பட்டதே காரணம் என்று அவள் பயிற்றுநர் வெளியே சொன்னார். ஏற்பாட்டாளர் தரப்பு அதை மறுத்தது. உட்கார்ந்த இடத்தில் விரலால் காய் நகர்த்தும் ஆட்டத்தில் முழங்கால் எப்படி வழக்கானது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இந்த இரண்டு வழக்கும் நாளிதழ்களில் ஓய்ந்துவிட்டன. வீடுகளில் ஓயவில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள் சியர்லீடிங் அணியில் சேர்ந்துவிட்டு, போட்டிக்கான உடையின் படத்தைக் கைப்பேசியில் காட்டும்போது, ஈப்போவிலோ தைப்பிங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கும் அம்மா ஒரு கணம் பேசாமல் இருக்கிறாள். வேண்டாம் என்றால் பத்தாம்பசலி. சரி என்றால் மனம் ஒப்பவில்லை. இந்த நாட்டில் தி ஸ்டார் நாளிதழ் 2000ஆம் ஆண்டுவாக்கில் பள்ளிகளுக்கிடையே நடத்தத் தொடங்கிய போட்டியால் பரவிய விளையாட்டு இது. அனைத்துலக ஒலிம்பிக் குழுவும் 2021இல் இதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. ஆகவே விளையாட்டு வேண்டுமா என்ற கேள்வி இங்கே இல்லை. உடை எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை மறைத்து வைத்துக் கடைசியில் காட்ட வேண்டியதில்லை. அந்த உடை இன்னும் அடக்கமாக, இன்னும் உழைப்புக்கு ஏற்றதாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடமை சிறுமியின் தலையில் விடியக்கூடாது. உடையை வரைகிறவர், விற்கிறவர், விதி எழுதுகிறவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் ஆகியோரின் கடமை அது.

முதலில் வினையைப் பார்ப்போம். கையில் குஞ்சம் பிடித்து ஆடுவது மட்டும்தான் சியர்லீடிங் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பயிற்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். கீழே இருவர் தாங்கிகளாக நிற்கிறார்கள். பின்னால் ஒருத்தி காவலுக்கு நிற்கிறாள். மேலே போகிறவளின் பாதம் தாங்கிகளின் உள்ளங்கையில் இருக்கிறது. அவளைத் தூக்கி எறிந்து, காற்றில் அவள் சுழன்று வரும்போது முதுகுக்கும் தொடைக்கும் கீழே கைகொடுத்து ஏந்துகிறார்கள். அந்த ஏந்தலில்தான் உடை தன் குணத்தைக் காட்டும். சட்டை முழுக்க ஒட்டிய கல்லும் ஜிகினாவும் ஏந்துகிறவளின் முழங்கைக்கு உட்புறத்தைச் சிராய்த்துவிடும். வியர்வையில் நனைந்த வெற்று இடுப்பு, பிடிக்கிற கைக்கு வழுக்கும். அதற்காகத் தொளதொளப்பாகத் தைத்தாலும் ஆபத்துதான். துணி மடிப்பில் விரல் சிக்கினால் விரலும் போகும், மேலே இருப்பவளும் விழுவாள். ஆக, இந்த வினை கேட்பது உடலோடு நிற்கிற, வயிறு மூடிய, வியர்வை உறிஞ்சுகிற, கல் பதிக்காத மேல்சட்டையும், தொடையைப் பிடித்து நிற்கிற காற்சட்டையும். அடக்கம் கேட்பதும் ஏறக்குறைய இதையேதான். இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது மறுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் அந்தப் பிள்ளைகள் முதலில் செய்வது பாவாடையைக் கீழே இழுத்துவிடுவது. அடுத்தது துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொள்வது. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை.

வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் ஐந்தை ஐயமில்லாமல் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். கையிலுள்ள முதல், கருவி, நேரம், செய்யும் செயல், செய்யும் இடம் என்பவை அவை. விளையாடுகிறவளுக்கு உடை ஒரு கருவி. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் மேடையை எப்படிக் கட்டினார்கள் என்று கோல் கணக்கில் சொல்கிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததைக்கூட விடவில்லை. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறியவள் மாதவி. புத்ராஜெயாவில் காய் நகர்த்திய சிறுமிக்கும் அதே வயது. கடலாடு காதையில் பதினொரு ஆடல்கள் வருகின்றன. ஒவ்வோர் ஆடலுக்கும் அதற்கென்ற கோலம் உண்டு. ஆட்டம் முன்னே, அணி பின்னே என்பதுதான் அங்கே முறை.

நூல்களில் மட்டும் இருந்த முறை அன்று இது. 1930களில் ருக்மிணி தேவி அருண்டேல் சதிரைப் பரதநாட்டியமாக மேடையேற்றியபோது, மடித்துச் சுற்றிய சேலைக்குப் பதிலாக அளவெடுத்துத் தைத்த உடையைக் கொண்டுவந்தார். மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி அதற்கு உதவினார். அரைமண்டியில் இறங்கும்போது விசிறிபோல விரிந்து, நிமிரும்போது ஒடுங்கும் கொசுவம் அப்படி வந்ததுதான். ருக்மிணி தேவியின் சீர்திருத்தத்தை ஆடற்கலைஞர் பாலசரஸ்வதி ஏற்கவில்லை என்பதும், அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்பதும் வேறு கதை. இன்று ஈப்போவில் பரதம் பயிலும் எந்தப் பிள்ளையாலும் அந்த உடையில் இரண்டு மணி நேரம் ஆட முடிகிறது. எது விலகுமோ என்ற கவலை அவளுக்கு இல்லை.

சியர்லீடிங்கின் சின்ன உடை விளையாட்டின் தேவையால் வந்தது என்று சொல்கிறவர்கள் அதன் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கியவர்கள் ஆண்கள். பெண்கள் சேர்ந்தது 1920களில். பல ஆண்டுகள் அவர்கள் உடுத்தியது பல்கலைக்கழக எழுத்துப் பொறித்த கம்பளிச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடையும். 1972இல் டாலஸ் கவ்பாய்ஸ் கால்பந்துக் குழு தன் ஆட்டக்காரிகளுக்கு வயிறு தெரியும் சட்டையும் குட்டைக் காற்சட்டையும் கொடுத்தது. அவர்கள் செய்தது தொலைக்காட்சிக்கான நடனம். யாரும் யாரையும் தூக்கி எறியவில்லை. நடனக்காரிக்குத் தைத்த உடையைத் தூக்கி எறியப்படும் பள்ளிச் சிறுமிக்கு மாட்டிவிட்டது வணிகம். அந்நாட்டில் போட்டி நடத்தும் பெரிய நிறுவனமே உடையும் விற்கிறது. அப்படியிருக்க உடை எளிமையாகும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. 2008இல் ஐபிஎல் கிரிக்கெட் வந்தபோது இந்தியத் திடல்களில் நின்ற அயல்நாட்டுப் பெண்களும் இதே சரக்கின் ஏற்றுமதிதான்.

இது ஒரு விளையாட்டோடு நிற்கவில்லை. அப்போது கோலாலம்பூரில் தலைமையகம் வைத்திருந்த உலகப் பூப்பந்துச் சம்மேளனம், 2011இல் பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர வேண்டுமாம். எதிர்ப்பு வலுத்து, 2012இல் கைவிட்டது. 2021இல் கடற்கரை எறிபந்துப் போட்டியில் நார்வே நாட்டுப் பெண்கள் பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் காற்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் விதித்தார்கள். உலகமே சிரித்தபின் விதி மாறியது. அதே ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் இறங்கினார்கள். அவர்கள் எந்த மதத் தலைவரின் சொல்லுக்கும் அஞ்சி மூடவில்லை. தங்கள் உடல் வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக மூடினார்கள். அடக்கமான உடை என்றாலே அடிமைத்தனம் என்று பாடம் நடத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன். சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில், எல்பில், ஹீவூட் போன்ற பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் மிஞ்சியிருக்கும் இடங்களில், பால்மரம் வெட்டப் போன பெண்கள் எப்படி உடுத்தினார்கள்? கைலிக்கோ சேலைக்கோ மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. தலையில் இறுக்கிக் கட்டிய துணி. விடியுமுன் நிரையில் இறங்கினால் கொசு பிடுங்கும்; மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது பால் தெறித்துத் துணியில் காய்ந்தால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. முள்ளும் லாலானும் காலைக் கிழிக்கும். ஆகவே அந்தச் சட்டை. பார்க்க அழகாக இல்லை என்று எந்தக் கங்காணியும் சொல்லியிருக்க முடியாது. சொன்னாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். வேலை அவர்களுக்கு உடையைத் தீர்மானித்துக் கொடுத்தது, மானமும் அதற்குள்ளேயே இருந்தது. அவர்களின் பேத்திகள்தாம் இன்று பள்ளி மண்டபத்தில் தலைகீழாகச் சுழல்கிறார்கள்.

இனி நாணம். இந்தச் சொல்லைக் கையில் எடுத்ததும் பெண்ணின் பாவாடையை அளக்கக் கிளம்புவோர் நாணுடைமை அதிகாரத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் கோடு போட்டுவிடுகிறார்: தகாத செயலுக்குக் கூசுவதே நாண், பெண்களுக்குரிய வெட்கம் வேறு வகை. அடுத்த குறளில் இன்னும் ஒரு படி. ஊணும் உடையும் எல்லா உயிர்க்கும் பொது, மனிதரைத் தனித்துக் காட்டுவது நாணமே என்கிறார். அப்படியானால் கூச வேண்டியவர் யார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பளபளக்கும் அரைச்சட்டையைத் தைத்து, பார்வையாளர் கூட்டத்துக்காக மேடையேற்றும் பெரியவர் கூச வேண்டும். பிள்ளையைத் தனியே அழைத்து உன் உடை சரியில்லை என்று அழவைக்கிற பெரியவரும் கூச வேண்டும்.

பார்வையின் பொறுப்பு பார்ப்பவனுடையது என்பதில் நம் முன்னோருக்குக் குழப்பமே இருந்ததில்லை. பிறனில் விழையாமையில் வள்ளுவர் பேராண்மை என்று போற்றுவது ஆணின் கண்ணடக்கத்தை. மணிமேகலையின் சிறைசெய் காதையில் மருதியின் கதை வருகிறது. காவிரியில் நீராடித் திரும்பியவளைக் கண்டு மன்னன் ககந்தனின் மகன் தகாத சொல் சொன்னான். மருதி என்ன உடுத்தியிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மன்னன் பெற்ற மகனையே வாளுக்கு இரையாக்கினான். அந்தத் தண்டனையின் கடுமை நமக்கு வேண்டாம்; குற்றவாளி யார் என்ற தெளிவு வேண்டும். பெண்ணைச் சிறைவைத்துக் காப்பதால் பயனில்லை என்று வாழ்க்கைத் துணைநலத்தில் வள்ளுவர் சொன்னதும் இந்தத் தெளிவில்தான்.

மறைத்துக்கொள்வது பெண்ணின் மேல் சுமத்திய விலங்கு என்று மட்டும் பேசுவோர் தோள்சீலைப் போராட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகளாக அடிபட்டு, துணி கிழிபட்டு நின்றார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. மூடிக்கொள்வது அவர்களுக்குத் தன்மானம். எதை மூட வேண்டும், எவ்வளவு மூட வேண்டும் என்பதை இன்னொருவர் கண்ணின் விருப்பத்துக்கு விட மறுத்த தன்மானம்.

தன் உடலுக்குத் தானே அதிகாரி என்ற எதிர்வாதமும் இருக்கிறது. வளர்ந்த பெண் தானே தேர்ந்து, தானே உடுத்தும் இடத்தில் அது செல்லும். அங்கே பிறருக்கு வாய் இல்லை. ஆனால் பள்ளி அணியில் எந்தச் சிறுமி தேர்ந்தெடுத்தாள்? அணிக்கு ஒரே உடை. அது பிடிக்காதவளுக்கு வெளியேறும் வாசல் மட்டுமே திறந்திருக்கிறது. துடோங் அணியும் தோழியும், இடுப்பில் சூட்டுத் தழும்புள்ள தோழியும், வெறுமனே கூச்சப்படுகிற தோழியும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். சுதந்திரத்தின் பெயரால் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. வலைப்பந்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. பாவாடைக்குள் நீளக் காற்சட்டையோடு ஒருத்தியும் இல்லாமல் ஒருத்தியும் ஒரே அணியில் ஓடுவதை நம் திடல்களில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கோல் எண்ணிக்கை குறைந்ததாகப் புகார் இல்லை.

ஆகவே விதியைப் போட்டிக்கு முன்பே, பதிவுப் பாரத்திலேயே எழுத வேண்டும்: நிற்கும்போதும் கை தூக்கும்போதும் வயிறு மூடியிருக்க வேண்டும், தொடைக்குக் காற்சட்டை வேண்டும், நீளமாக அணிய விரும்புகிறவளுக்கு மதிப்பெண் குறையாது. அமெரிக்காவின் உயர்நிலைப்பள்ளி விதியிலேயே வயிறு மூட வேண்டும் என்பது இருக்கும்போது, நமக்கு என்ன தயக்கம்? எழுதிய விதிக்கு உட்பட்டு உடுத்தி வந்த பிள்ளையைப் போட்டி நாளில் எவரும், ஆசிரியராயினும் நடுவராயினும் சமயத் தலைவராயினும், ஒரு சொல் சொல்லக்கூடாது. உடையை எடுத்து வருமுன் அணியின் பெண்களை அணியச் செய்து, குனியச் சொல்லி, தாவச் சொல்லி, ஒருவரையொருவர் தூக்கச் சொல்லி, அவர்கள் வாயாலேயே குறை கேட்க வேண்டும். அதில் பெண் ஆசிரியை ஒருவரும் தாய்மார் இருவரும் இருந்தால் போதும்; ஆடை நிறுவனத்தின் விற்பனையாளர் இருக்கத் தேவையில்லை. கல்லும் ஜிகினாவும் உதிர்ந்தால் உடையின் விலையும் இறங்கும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் மாத வாடகைக்குத் திணறும் வீட்டுக்கு அது சின்னத் தொகை அன்று. பள்ளி அணிகள் பல இன்னும் திடலின் புல்லிலும் மண்டபத்தின் சிமெண்டுத் தரையிலும்தான் பிள்ளைகளைத் தூக்கி எறிந்து பழகுகின்றன. மிச்சமாகும் காசுக்கு முதலில் மெத்தை வாங்கலாம்.