கிணற்றைக் குறை சொல்லும் உரிமை

நமது ஊர்ப்பேச்சில் 'வந்தான் வரத்தான்' என்றொரு சொல் புழங்குகிறது. வேலி எல்லை, பள்ளிவாசல் நிர்வாகம், பாடசாலை அனுமதி என்று ஏதாவதொரு சர்ச்சை மூளும்போதுதான் அது வெளியே வரும். சொல்பவர்கள் மற்ற நாட்களில் நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நீ இங்கே இருக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். இந்த ஊர் எப்படி இருக்க வேண்டுமென்று சொல்ல மட்டும் உனக்கு வாயில்லை என்பதே அத்தீர்ப்பு.

ஓர் ஊரின் காற்றையும் நீரையும் பற்றிப் பேசும் உரிமையை ஒருவருக்கு எது தருகிறது? அங்கே வாழ்ந்து மடிந்த மூதாதையரின் எண்ணிக்கையா, அல்லது அந்தக் காற்றைச் சுவாசிப்பதும் அந்த நீரைக் குடிப்பதுமே போதுமா? நமது சமூகத்துக்கு இந்தக் கேள்வி வெறும் தத்துவ விசாரம் அல்ல. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அதை நாம் இரு பக்கமும் நின்று அனுபவித்திருக்கிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளானார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தனர். அன்று புத்தளத்து மக்கள் கதவுகளைத் திறந்த விதத்தை எவரும் மறக்கலாகாது. முஹாஜிரீன்கள், அன்ஸாரிகள் என்ற பழைய சொற்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஆனால் விருந்து ஆண்டுக் கணக்கில் நீண்டபோது, பாடசாலை இடம், அரச உத்தியோகம், பல்கலைக்கழக அனுமதி, குடிநீர் என்று ஒவ்வொன்றிலும் உரசல் தோன்றியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியற் பேராசிரியராகவிருந்து 2018 இல் காலமான எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், இந்த மக்களின் வாழ்வையும் மீளத் திரும்பும் உரிமையையும் பதிவு செய்வதில் தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணலை அறிந்தவர்களுக்கு அதன் கிணறுகளையும் தெரியும். நிலத்தடி நீர் ஆழமற்றது. தோட்டச் செய்கைக்கு இடும் உரமும், நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளின் கசிவும் மணல் வழியே இலகுவில் அதனுடன் கலந்துவிடுகின்றன. இப்படியான நிலத்தில் அகதி முகாமில் வாழும் ஒரு தாய், பிள்ளைக்குக் கொடுக்கும் நீர் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? விருந்தாளி கிணற்றைக் குறை சொல்லலாமா? விருந்தோம்பல் மிகப் பெரிய அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கொரு குறை உண்டு. வந்தவரை அது நன்றியுள்ளவராக வைத்திருக்கிறது, உரிமையுள்ளவராக ஆக்குவதில்லை. மதீனாவில் முஹாஜிர்கள் என்றென்றும் விருந்தாளிகளாக இருக்கவில்லை, ஊரின் காரியங்களில் பங்காளிகளானார்கள் என்பதை நாம் பிரசங்கங்களில் அவ்வளவாக அழுத்துவதில்லை.

இந்த விருந்தாளி நிலை சட்டமாகவே எழுதப்பட்டதை நம் மலையகம் கண்டிருக்கிறது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியில் மிகப் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையை 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் இல்லாமலாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 இன் சட்டத்தோடுதான் தீர்வை எட்டியது. ஆனால் பிரஜாவுரிமை வந்ததும் லயத்தின் கான் சுத்தமாகிவிடவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்த உறுப்பினரால் லயத்துப் பாதைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ சபைப் பணத்தைச் செலவிட முடியாது. 2018 இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது. ஒரு மனிதர் இந்த ஊரைச் சேர்ந்தவர்தானா என்பதைக் கடவுச்சீட்டை விட அவர் வீட்டுப் பின்புறத்துக் கான் நன்றாகச் சொல்லிவிடுகிறது.

மீண்டும் புத்தளத்துக்கு வருவோம். பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை பல தசாப்தங்களாக இயங்கி வருகிறது. நுரைச்சோலையில் 2011 இல் தொடங்கி 2014 இல் முழுமைபெற்ற 900 மெகாவாற்று நிலக்கரி அனல்மின் நிலையம் நாட்டுக்கு ஒளியையும் அயலூர்களுக்குச் சாம்பல் தூசியையும் கொடுத்தது. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு தினத்தில், கொழும்பை அண்டிய மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பின்னர், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட அருவக்காட்டுக் குழிகளில், சுமார் 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் கொண்டுவந்து கொழும்புக் குப்பையைப் புதைக்கும் திட்டம் வேகம் பெற்றது.

2018 இன் பிற்பகுதியில் 'கிளீன் புத்தளம்' என்ற பெயரில் மக்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். மாதக் கணக்கில் அது தொடர்ந்தது. 2019 மார்ச்சில் எதிர்ப்பு கொழும்பு வரை சென்றது. எனினும் அவ்வாண்டு ஓகஸ்டில் முதற் குப்பை அருவக்காட்டை வந்தடைந்தது. போராட்டம் தோற்றது என்று இதைக் கணக்கெழுதி மூடிவிடலாம். ஆனால் 'எங்கள் மாவட்டத்துக்கு வேண்டாம்' என்று மக்கள் சொன்னபோது அந்த 'எங்கள்' என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்பது இன்னும் மூடாத கேள்வி. மூதாதையரின் மண் என்பதே காரணமானால், 1990 இல் வந்தவரும் அவருக்கு அங்கே பிறந்த பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பார்கள். காற்றும் நீரும் காரணமானால் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். காற்று எவருடைய வாக்காளர் பட்டியலையும் பார்த்துவிட்டு வீசுவதில்லையே!

அருவக்காடு, வில்பத்து வனத்தின் தெற்குப் பக்கத்துக்கு அண்மையில் இருக்கிறது. அதே வனத்தின் வடக்கே, மோதரகம் ஆற்றுக்கு அப்பால், முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி முதலான ஊர்கள் உள்ளன. அங்கிருந்தும் 1990 இல் முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். யுத்தம் முடிந்து 2009 க்குப் பின் அவர்கள் திரும்பத் தொடங்கினர். ஊர்கள் ஆளின்றிக் கிடந்த இருபது ஆண்டுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அப்பகுதி நிலங்கள் வர்த்தமானி மூலம் வன ஒதுக்காக்கப்பட்டன. 2015 அளவில் 'வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள்' என்ற குரல் நாடெங்கும் ஒலித்தது. அக்குரலில் காட்டின் மீதான உண்மையான கவலையும் இருந்தது, இனவாதமும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிவது நம் கடமை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் மீள்குடியேற்றத்தின் பெயரில் காடழிக்கப்பட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதை நாம் கண்ணை மூடிக்கொண்டு மறுத்தல் ஆகாது. ஆனால் துரத்தப்பட்டவரின் வீட்டு முற்றத்தில் முளைத்த மரத்தைக் காட்டி, இது காடு, நீ அந்நியன் என்று சொல்வதையும் நியாயமென ஏற்க முடியாது.

ஒரே வனத்தின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள். வடக்கே மனிதர் திரும்பி வர, சூழலின் பெயரால் தடை. தெற்கே குப்பை வந்து சேர, சூழலின் பெயராலேயே அனுமதி. அங்கே காட்டைக் காக்க, இங்கே தலைநகரைச் சுத்தமாக்க. இரண்டிடத்திலும் அங்கு வாழ்பவரிடம், வாழ்ந்தவரிடம் ஒரு வார்த்தை முறையாகக் கேட்கப்படவில்லை. சூழல் சுகாதாரமும் குடிவந்தோர் உரிமையும் வெவ்வேறு இயக்கங்களுக்கான வெவ்வேறு விடயங்கள் என்று எண்ணுகிறோம். என்னளவில் அவை ஒரே கேள்வியின் இரு வடிவங்களே. யாரைக் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று ஒரு நாடு நினைக்கிறதோ, அவரது கிணறுதான் முதலில் கெடுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஒவ்வோர் ஊரும் 'எங்களுக்கு வேண்டாம்' என்றால் குப்பை எங்கே போவது? மீதொட்டமுல்லவில் மண்மூடிப் போனவர்களும் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள்தாமே? உண்மை. ஆகவே மறுப்பது மட்டும் அறமாகாது. நான் மறுத்த சுமை என்னைவிட வாயில்லாத ஒருவர் வாசலில் இறங்குமானால், நான் செய்தது போராட்டம் அல்ல, கைமாற்றம்.

இந்த அளவுகோலைப் புத்தளத்துக்கு மட்டும் வைத்துவிட்டு நாம் கண்டிப் பக்கத்தில் சும்மா இருக்க முடியாது. கண்டி நகரத்தின் குப்பை நெடுங்காலமாக மகாவலிக் கரையில், கட்டுகஸ்தோட்டைக்கு அருகே கொஹாகொடவில் கொட்டப்பட்டு வந்தது. அதன் கசிவு ஆற்றில் இறங்குகிறது. அதே ஆறு பொல்கொல்லவைக் கடந்து எங்கள் திகனைப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கமாக விரிகிறது. எங்கள் பாடசாலையில் மகாவலியை வரையச் சொன்னால் பிள்ளைகள் அணைக்கட்டை அழகாக வரைவார்கள். கொஹாகொடவை வரைந்த பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. அந்தக் குப்பைமேட்டின் அடிவாரத்தில் வாழ்பவர் யார், அங்கே கைகளால் பிளாஸ்திக்கும் இரும்பும் பொறுக்குபவர் யார் என்று நாமும் கேட்டதில்லை.

விக்டோரியா அணை 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் இடிபாடுகள் தலைகாட்டும். இங்கே சுற்றிலும் குடியிருப்போரில் பலர் நீருக்குப் பயந்து மேட்டுக்கு வந்த குடும்பத்தினரே. தோட்டத்தார் கடல் கடந்து வந்த வழியினர். முஸ்லிம்களில் பலர் வியாபாரத்துக்காக மலையேறியவரின் மக்கள். இப்படி எல்லோருமே ஏதோவொரு தலைமுறையில் வந்து சேர்ந்த ஓர் ஊரில்தான் 2018 மார்ச்சில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

அன்று நம்மை அந்நியராகப் பார்த்தவர்களிடம் நாம் எதிர்பார்த்தது என்ன? எங்கள் பாட்டன்மார் எப்போது வந்தார்கள் என்ற கணக்கைப் பாராமல், நாங்கள் இங்கே வாழ்கிறோம் என்ற ஒன்றை மட்டும் அவர்கள் பார்க்க வேண்டுமென்றே விரும்பினோம். அதையே நாமும் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நமது ஊர்க் கூட்டங்களில், மஹல்லாக்களில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில், தண்ணீரையும் குப்பையையும் பற்றிப் பேச்சு வரும்போது வாடகை வீட்டிலிருப்பவரையும், நேற்று வந்து குடியேறியவரையும், லயத்திலிருந்து பிள்ளையை அனுப்பும் தாயையும் முன்வரிசைக்கு அழைத்துக் கேட்போமாக. அவர்கள் நம் கிணற்றைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கிணற்றில்தான் அவர்களும் குடிக்கிறார்கள்.