அன்பினால் கட்டுதல்

கொல்லா விரதம் பூண்ட இல்லறத்தார்க்கு அதன் அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவு நீரைத் தடுத்தல் என ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டுதல் முதலில் நிற்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சங்கிலியிட்ட குரங்கிற்குப் பழம் நீட்டி, அதனை ஜீவதயை என்று நாமும் மகிழ்ந்ததுண்டு. அன்போடு வளர்ப்பது எங்ஙனம் குற்றமாகும் என வினவுவாரும் உளர்.

அமெரிக்காவில் ஸ்டாம்ஃபோர்டு நகரில் ஒரு குடும்பம், பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட டிராவிஸ் என்னும் சிம்பன்சியை மகனைப் போல் வளர்த்தது. அது உடை உடுத்தது. மேசையில் அமர்ந்து உண்டது. 2009 பிப்ரவரியில், ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள அவ்வுயிர், தனக்குப் பழக்கமான பெண்மணி ஒருவரின் முகத்தையும் கைகளையும் சிதைத்தது. காவலர் சுட்டதில் அதுவும் மாண்டது. அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. தன் இனத்தாரோடு காட்டில் திரியும் வாழ்வுதான் அதற்குக் கிட்டவில்லை.

உறுப்பறுத்தலும் இவ்வணிகத்தில் உண்டு. தென்கிழக்காசியத் தேவாங்கினத்தின் கடியில் நஞ்சுண்டு. ஆதலின் விற்போர் அதன் முன்பற்களை வெட்டிவிடுகின்றனர். புண் சீழ்பிடித்துப் பல மடிகின்றன. மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் உண்ண அப்பற்களே கருவி. எனவே பிழைத்தவற்றைக் காட்டில் மீள விடவும் இயலாது.

குரங்கினத்தில் தாய் தன் குட்டியை எளிதில் விடாது. பல வேளைகளில் அதனைக் கொன்றே குட்டியைப் பிடிக்கின்றனர். அக்குட்டிக்கு விலை கொடுப்போர் அக்கொலையைச் செய்வித்தவரா, அதற்கு உடன்பட்டவரா என்பதொன்றே நமக்கு எஞ்சும் ஐயம்.